பெருங்கடலைக் கப்பலில் கடக்கப் போகிறீர்களா? அறையின் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. திருப்பூர்ப் பனியனும் கரூர்ப் போர்வையும் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறிப் பெருங்கடல்களைத் தாண்டுகின்றன; அவற்றை நெய்து தைத்து அனுப்புகிறவர்களோ கோவையிலோ கொச்சியிலோ விமானம் ஏறிவிடுகிறார்கள். அண்மைக் காலமாக ஒரு மாற்றம் தெரிகிறது. மகன் லண்டனிலும் மகள் நியூ ஜெர்சியிலும் குடியிருக்கும் வீடுகளில், அப்புச்சியும் அம்மாயியும் பேரக்குழந்தைகளைப் பார்க்கப் புறப்படும்போது, இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் கப்பலில் போனால் என்ன என்று கேட்கிறார்கள். போகலாம், மிக நன்றாகவே போகலாம். ஆனால் அந்தப் பயணம் இனிமையாக இருக்குமா, படுத்த படுக்கையாகக் கழியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, கப்பலில் உங்கள் அறை எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்வரும் நான்கு நாள் உல்லாசக் கப்பலில் அறை எங்கே இருந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கரை வந்துவிடும், அறைக்கு வருவது உறங்குவதற்கு மட்டும்தான். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு 'குயின் மேரி 2' கப்பல் வழக்கமாக ஏழு இரவுகளில் போகிறது. 3,000 கடல் மைல்களுக்கும் மேற்பட்ட அந்தத் தொலைவில் இடையில் இறங்குவதற்குத் துறைமுகம் ஒன்றும் இல்லை. ஆட்டம் பிடிக்கவில்லை என்றாலும், மேல்தளத்து ஓசை உறங்கவிடவில்லை என்றாலும் வேறு வழியில்லாமல் அங்கேயே இருக்க வேண்டியதுதான். அதனால்தான் என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே ஒரு வரிசையை அழுத்தமாகச் சொல்கிறேன்: முதலில் இடம், அடுத்ததாக அறையின் வகை, அதன் பிறகு விலை. நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பால்கனி உள்ள அறை மலிவாகக் கிடைக்கிறது என்று பணத்தைக் கட்டிவிட்டு, அது கப்பலின் முன்முனையில் பத்தாவது தளத்தில் இருக்கிறது என்பதைப் பிறகுதான் பார்க்கிறார்கள்.

கப்பல் எப்படி ஆடுகிறது?

அலை முன்னாலிருந்து வரும்போது கப்பலின் மூக்கு ஏறி இறங்குகிறது, அதற்கு எதிராகப் பின்பகுதி இறங்கி ஏறுகிறது. அலை பக்கவாட்டிலிருந்து வரும்போது கப்பல் இடமும் வலமுமாகச் சாய்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால், அறையைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதி முடிந்தது.

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் வால்பாறைப் பேருந்தில், விவரம் தெரிந்தவர்கள் கடைசி இருக்கையில் உட்கார மாட்டார்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இடம் பிடிப்பார்கள். கப்பலிலும் கணக்கு அதுதான், ஆனால் அளவு பலமடங்கு பெரியது. 300 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பல் முன்பின்னாக வெறும் 2 பாகை சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 120 மீட்டர் முன்னால் உள்ள அறை அப்போது 4 மீட்டருக்கு மேல் உயர்ந்து, அதே அளவுக்குத் தாழ்கிறது. அதாவது இரண்டு மாடிக்கும் அதிகமான உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. நடுவிலிருந்து 15 மீட்டர் தள்ளியுள்ள அறை அரை மீட்டர் மட்டுமே அசைகிறது. ஒரே கப்பல், ஒரே அலை, ஒரே இரவு; ஆனால் இரண்டு அறைகளில் இருப்பவர்களின் அனுபவம் முற்றிலும் வேறு.

பக்கவாட்டுச் சாய்வுக்கு உயரமே கணக்கு. கப்பல் 3 பாகை சாயும்போது, நீர்மட்டத்துக்கு 30 மீட்டர் மேலே உள்ள அறை ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாகப் பக்கவாட்டில் நகர்கிறது. 8 மீட்டர் மேலே உள்ள அறை அரை மீட்டர்கூட நகர்வதில்லை. இந்தச் சாய்வைக் குறைப்பதற்காகவே பெரிய கப்பல்களில் நீருக்கடியில் இரு பக்கமும் நீளும் இறக்கைகள் பொருத்தியிருக்கிறார்கள். ஸ்டெபிலைசர் என்று அவற்றைச் சொல்வார்கள். ஆனால் மூக்கு ஏறி இறங்கும் அசைவை அந்த இறக்கைகளால் தடுக்க முடியாது. வயிற்றைக் கலக்குவதோ பெரும்பாலும் அந்த மேலும் கீழுமான அசைவுதான். ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவுதான் மனித உடலை மிக எளிதில் குமட்ட வைக்கிறது என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட உண்மை. ஆகவே கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதியில் இருப்பதே முதன்மையானது, தாழ்ந்த தளத்தில் இருப்பது அதற்கு அடுத்தது. நடுப்பகுதியில் மேல்தள அறையும் முன்முனையில் கீழ்த்தள அறையும்தான் மீதம் இருக்கின்றன என்றால், நான் தயங்காமல் நடுப்பகுதி அறையைத்தான் எடுக்கச் சொல்வேன்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கப்பல் முன்பின்னாக ஆடும்போது அதன் அச்சு சரியாக நடுவில் இருப்பதில்லை. பெரும்பாலான கப்பல்களில் நடுவிலிருந்து சற்றே பின்னால் இருக்கிறது. நட்டநடு அறைகள் விற்றுப்போயிருந்தால், முன்பக்கம் நகர்வதைவிடப் பின்பக்கம் நகர்வது நல்லது. ஆனால் கடைக்கோடிக்குப் போய்விட வேண்டாம். அங்கே ஏற்ற இறக்கத்தோடு உந்துவிசிறிகளின் அதிர்வும் சேர்ந்துகொள்ளும். கப்பலின் பின்னால் விரியும் நுரைத் தடத்தைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம் என்று பின்முனைப் பால்கனி அறைகளை விரும்புகிறவர்கள் உண்டு. இதுவரை கடலில் போகாதவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தத் திசையில், எந்த மாதத்தில்?

வட அட்லாண்டிக்கில் காற்றும் புயல்களும் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்கின்றன. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போகிற கப்பல் அலைகளை நேருக்கு நேர் எதிர்கொள்கிறது. மூக்கு அதிகமாக ஏறி இறங்கும், முன்பகுதி அறைகளில் அலை அடிக்கும் ஓசை இரவில் இடிபோலக் கேட்கும். அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும்போது அலை பின்னாலிருந்து வருவதால் அந்த ஏற்ற இறக்கம் தணிந்து, பக்கவாட்டுச் சாய்வு கூடுதலாகத் தெரியலாம். ஆகையால் மேற்கு நோக்கிப் போகிறவர்கள் நடுப்பகுதி என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது; கிழக்கு நோக்கி வருகிறவர்கள் தளத்தின் உயரத்தையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வட அட்லாண்டிக் கடுமையாக இருக்கும். முதல் பயணத்துக்கு அந்த மாதங்கள் வேண்டாம். மே முதல் ஆகஸ்ட் வரை கடல் பொதுவாகத் தணிந்திருக்கும். ஆனால் கோடையின் தொடக்கத்தில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்குத் தெற்கே அடர்ந்த மூடுபனி இறங்குவது வழக்கம். அப்போது கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் நீண்ட ஊதலை எழுப்பியாக வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல் விதி. இரவெல்லாம் அது தொடர்ந்தால் மேல்தள அறைகளில் உறக்கம் கெடும். கீழ்த்தளத்தில் அவ்வளவாகக் கேட்காது.

அட்லாண்டிக்கைத் தெற்கு வழியாகக் கடக்கும் கப்பல்களும் உண்டு. கரீபியன் கடலில் குளிர்காலத்தைக் கழிக்கும் கப்பல்கள் ஏப்ரல், மே மாதங்களில் மத்தியதரைக் கடலுக்கு இடம் பெயர்கின்றன. அக்டோபர், நவம்பரில் பார்சலோனா போன்ற துறைமுகங்களிலிருந்து கானரித் தீவுகள் அல்லது மதீராவைத் தொட்டுக்கொண்டு ஃபுளோரிடாவுக்குத் திரும்புகின்றன. இடம் பெயரும் பயணம் என்பதால் கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். இலையுதிர்காலத்தில் மேற்கே போகும்போது அந்தத் தெற்கு வழியில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசும் வணிகக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பயணம் வடக்கு வழியைவிட மென்மையாக அமைகிறது. குளிருக்கும் ஆட்டத்துக்கும் அஞ்சுகிறவர்கள் இந்த வழியைக் கருதிப் பார்க்கலாம்.

தள வரைபடத்தைப் படிக்கும் முறை

ஒவ்வொரு கப்பல் நிறுவனமும் தன் இணையதளத்தில் தளவாரியாக வரைபடம் வைத்திருக்கிறது. பெரும்பாலோர் தங்கள் அறை உள்ள தளத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் மூன்று வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: உங்கள் தளம், அதற்கு மேல்தளம், அதற்குக் கீழ்த்தளம். உங்கள் அறைக்கு நேர்மேலும் நேர்கீழும் அறைகளே இருக்கின்றன என்றால் அதுதான் நல்ல அறை. மற்றவர்களும் உறங்குகிற இடங்களுக்கு நடுவில் நீங்களும் உறங்குவீர்கள்.

மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால், விடிவதற்கு முன்பே நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசை தலைக்கு மேலே தொடங்கிவிடும். மேலே உணவகம் இருந்தால் தள்ளுவண்டிகளின் சத்தம். கீழே நாடக அரங்கோ நடனக் கூடமோ இருந்தால் நள்ளிரவு தாண்டியும் தாள ஓசை தரை வழியாக ஏறி வரும். மேலே நடைபாதைத் தளம் இருந்தால் அதிகாலையில் ஓடுகிறவர்களின் காலடி ஓசை கேட்கும். வரைபடத்தில் பெயர் எதுவும் எழுதாமல் வெறுமையாக விடப்பட்ட பகுதிகளையே நான் மிகவும் ஐயத்தோடு பார்ப்பேன். அவை சமையற்கூடமாகவோ ஊழியர்கள் சாமான் வைத்தெடுக்கும் இடமாகவோ எந்திர அறையாகவோ இருக்கலாம். அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் வேலை நடக்கும்.

'குயின் மேரி 2' கப்பலையே எடுத்துக்கொள்வோம். 2004 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய இந்தக் கப்பல் 345 மீட்டர் நீளமானது. அட்லாண்டிக்கைக் கடப்பதற்கென்றே உறுதியாகக் கட்டப்பட்டது. இதன் ஏழாவது தளத்தில் பொது உணவுக்கூடம் இருக்கிறது. அதற்கு நேர்கீழே ஆறாவது தளத்தில் வரும் அறைகளைத் தவிர்க்கலாம். எட்டாவது தளத்தில் சில பால்கனிகளுக்கு முன்னால் உயிர்காப்புப் படகுகள் தொங்குகின்றன. கடலைப் பார்க்க நினைத்தால் படகின் கூரைதான் தெரியும். நான்காவது, ஐந்தாவது தளங்களின் நடுப்பகுதிதான் என் தேர்வு. அங்குள்ள பால்கனிகள் கப்பலின் எஃகு உடலிலேயே வெட்டி அமைக்கப்பட்டவை. எஃகுத் தடுப்பு இருப்பதால் உட்கார்ந்த நிலையில் கடல் தெரியாது, எழுந்து நின்றுதான் பார்க்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் வட அட்லாண்டிக் காற்றை அந்தத் தடுப்புதான் மறைக்கிறது.

லிஃப்டுக்கு நேர் எதிரே உள்ள அறையை எடுக்காதீர்கள். நான்கைந்து கதவுகள் தள்ளி எடுங்கள். பக்கத்து அறைக்கு இணைப்புக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள்; வரைபடத்தில் அதற்குச் சிறு குறியீடு இருக்கும். அந்தக் கதவு வழியாகப் பேச்சுக் குரல் தெளிவாகக் கேட்கும். நீங்களே இரண்டு அறை எடுத்து, ஒன்றில் பெரியவர்களும் மற்றொன்றில் பேரக்குழந்தைகளும் தங்குவதானால் அதே கதவு பெரிய வசதி. நங்கூரச் சங்கிலியின் ஓசைக்காக முன்பகுதி அறைகளைத் தவிர்க்க வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் போகும் கப்பல்களுக்கு அது பொருந்தும், இடையில் எங்கும் நிற்காத பெருங்கடல் பயணத்தில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பால்கனியா, சன்னலா, உள்ளறையா?

இடத்தை முடிவு செய்த பிறகே இந்தக் கேள்விக்கு வர வேண்டும். வடக்கு வழியில் போகிறவர்களுக்குப் பால்கனி அவசியம் இல்லை என்பது என் கருத்து. நடுக்கடலில் காற்று பலமாக வீசும், கோடையிலும் குளிரும். கடல் சீற்றம் கூடினால் வெளியே போக வேண்டாம் என்று கப்பல் ஊழியர்களே அறிவித்துவிடுவார்கள். கோவையின் மார்கழிப் பனிக்கே சால்வை போர்த்துகிறவர்கள் அந்தப் பால்கனியில் எத்தனை நேரம் உட்கார முடியும்? அந்தக் கூடுதல் பணத்துக்கு, நடுப்பகுதியில் சன்னல் உள்ள அறையே நிறைவைத் தரும். தெற்கு வழியில் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. கடற்காற்று இதமாக இருக்கும், பால்கனி ஒவ்வொரு நாளும் பயன்படும்.

பால்கனியோ சன்னலோ எடுத்தால் பக்கத்தையும் பாருங்கள். வட அட்லாண்டிக்கில் சூரியன் தெற்குச் சாய்வாகவே போகிறது. மேற்கு நோக்கிப் போகும் கப்பலில் தெற்கு என்பது முன்னோக்கி நிற்கும்போது இடது பக்கம். கிழக்கு நோக்கி வரும் கப்பலில் வலது பக்கம். வடக்கு வழியில் இந்தப் பக்கத்து அறைகளில் பகலில் வெயில் விழும், எதிர்ப்பக்கத்து அறைகள் நிழலிலேயே இருக்கும். மிகக் கீழ்த்தளத்துச் சன்னல்களைப் புயலின்போது எஃகு மூடியால் அடைத்துவிடுவார்கள் என்பதையும், முன்முனையில் முன்னோக்கிப் பார்க்கும் அறைகளில் வெளிச்சம் மாலுமிகளின் கண்ணை உறுத்தாதிருக்க இரவில் திரையை இழுத்து மூடச் சொல்வார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சன்னலே இல்லாத உள்ளறையைக் குறைவாக எண்ண வேண்டாம். நடுப்பகுதியில் கீழ்த்தள உள்ளறை கிடைத்தால், முன்முனைப் பால்கனி அறையைவிட அது எவ்வளவோ மேலானது. அதன் ஒரே குறை, பகலா இரவா என்று தெரியாத இருட்டு. இங்கிலாந்துக்கும் நியூயார்க்குக்கும் பொதுவாக ஐந்து மணி நேர வேறுபாடு இருப்பதால், மேற்கே போகும்போது கடிகாரத்தை அவ்வப்போது ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்துவார்கள். நாள் 25 மணி நேரமாக நீளும், அது சுகமானது. கிழக்கே வரும்போது அதே ஒரு மணி நேரம் பறிபோகும். வழக்கமாக விடியற்காலையில் எழுகிறவர்கள் இருட்டறையில் நேரம் தெரியாமல் தடுமாறுவார்கள். அலாரம் வைத்துக்கொண்டு, எழுந்தவுடன் திறந்த தளத்தின் நடுப்பகுதிக்குப் போய்ச் சிறிது நேரம் தொடுவானத்தைப் பார்ப்பது உடம்புக்கும் நல்லது, குமட்டலுக்கும் நல்லது.

பெரியவர்களுக்குப் பதிவு செய்யும்போது

முதலில் நடக்கும் தொலைவைக் கணக்கிடுங்கள். 300 மீட்டர் நீளக் கப்பலில் முன்முனை அறையிலிருந்து பின்பகுதி உணவுக்கூடத்துக்கு நாளுக்கு மூன்று வேளை போய்வருவது, மூட்டுவலி உள்ளவர்களுக்குப் பெரும்பாடு. கப்பல் ஆடும்போது நீண்ட நடைவழியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடப்பது இன்னும் கடினம். நடுப்பகுதி அறை இந்தச் சிக்கலையும் சேர்த்தே தீர்த்துவிடுகிறது. குளியலறை வாசலில் உயர்ந்த படி இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். சக்கர நாற்காலிக்கேற்ற அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் மிகச் சிலவே இருப்பதால், அவை தேவைப்படுகிறவர்கள் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

முகவரிடம் கேட்டால், "எல்லா ரூமும் ஒண்ணுதானுங்க, இதைவிடக் குறைவா கிடைக்காதுங்க" என்று சொல்லக்கூடும். அவர் காட்டும் மலிவான கட்டணம் பெரும்பாலும் 'கேரண்டி' என்ற வகையாக இருக்கும். அறையின் வகையை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், எந்த அறை என்பதைக் கப்பல் நிறுவனம் பிறகு ஒதுக்கும். விற்காமல் மிஞ்சுகிற அறைகளே அப்படி ஒதுக்கப்படுகின்றன, மிஞ்சுகிறவை பெரும்பாலும் முன்முனையிலும் பின்முனையிலும் உள்ளவை. குறுகிய பயணத்துக்கு அதில் தவறில்லை. பெருங்கடலுக்கு அதை எடுக்கவே வேண்டாம். முன்பணம் கட்டுவதற்கு முன்பே அறை எண்ணைக் கேட்டு வாங்கி, வரைபடத்தில் வைத்துப் பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

பதிவில் 'அப்கிரேடு வேண்டாம்' என்று குறிக்கச் சொல்வதும் அதே அளவு முக்கியம். உயர்ந்த வகை அறை இலவசமாகக் கிடைக்கிறது என்று மகிழ்ந்து பார்த்தால், நீங்கள் தேடிப் பிடித்த நடுப்பகுதியிலிருந்து மேல்தள முன்முனைக்கு மாற்றியிருப்பார்கள்.

கடல் ஒத்துக்கொள்ளுமா என்ற ஐயம் இருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொச்சி. அங்கிருந்து லட்சத்தீவுக்கு 'எம்.வி. கவரத்தி' போன்ற பயணிகள் கப்பல்கள் போகின்றன. தீவுக்கு முன்அனுமதி பெற வேண்டும். ஒரு இரவைக் கடலில் கழித்துப் பார்த்தால் உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துவிடும். அவோமின், ஸ்டுஜெரான் போன்ற மாத்திரைகளைக் குமட்டல் தொடங்குவதற்கு முன்பே எடுத்தால்தான் பயன். கண் அழுத்த நோயோ புராஸ்டேட் தொல்லையோ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

இவ்வளவு பார்த்தும் அறை சரியில்லாமல் போனால், முதல் நாள் மாலையே வரவேற்பு மேசைக்குப் போய்ப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கப்பல் கரையை விட்ட பிறகு நடுவில் யாரும் ஏறப் போவதில்லை என்பதால், எந்தெந்த அறைகள் காலியாக உள்ளன என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். இரண்டாம் நாள் போனால், அந்த அறைகள் உங்களுக்கு முன்னால் கேட்டவர்களுக்குப் போயிருக்கும்.